மிளகுப் பொட்டலமும் ஒரு சோம்பேறிச் சொல்லும்

கார்த்திகை பிறந்ததும் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகக் கறுப்பு வேட்டி வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். உசிலம்பட்டி தாண்டி, கணவாய் இறங்கி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போய், லோயர் கேம்ப்பில் மலையேறிக் குமுளி. தை பிறக்கிற வரைக்கும் இந்த ரோட்டில் டீக்கடை போட்டிருப்பவர்களுக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. வண்டியில் போகிறவர்கள் சன்னிதானத்துக்கு முன்னால் எருமேலியில் இறங்குகிறார்கள். உடம்பெல்லாம் வண்ணப்பொடி பூசிக்கொண்டு பேட்டை துள்ளுகிறார்கள். துள்ளிக்கொண்டே போய் வாவர் பள்ளிவாசலைச் சுற்றுகிறார்கள். வாவருக்கென்று மிளகு செலுத்துகிறவர்களும் உண்டு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: மத நல்லிணக்கம்.

எனக்கு அந்தச் சொல்லோடுதான் தகராறு. அது பொய்யான சொல் இல்லை. ஆனால் சோம்பேறியான சொல். அதை எழுதியவுடன் எழுதுகிறவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. எதிரில் என்ன நடந்தது என்று மேற்கொண்டு பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

எருமேலியையே கொஞ்சம் பார்ப்போம். சீசன் முடிகிற நேரத்தில் அங்கே இரண்டு கூட்டத்தாரின் பேட்டை துள்ளல் நடக்கும். முதலில் அம்பலப்புழைக்காரர்கள். வானத்தில் கருடன் வட்டமிட்ட பிறகுதான் அவர்கள் கிளம்புவார்கள். பள்ளிவாசலுக்குள் போவார்கள். வாவரின் பிரதிநிதி அவர்களோடு சேர்ந்து கோயிலுக்கு வருவார். பிறகு, பட்டப்பகலில் வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது என்று சொல்லி ஆலங்காட்டுக்காரர்கள் கிளம்புவார்கள். இவர்கள் பள்ளிவாசலுக்குள் போகமாட்டார்கள். வெளியில் நின்று மரியாதை செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துவிட வேண்டாம். வாவர்தான் ஏற்கெனவே அம்பலப்புழைக்காரர்களோடு கிளம்பிப் போய்விட்டாரே, ஆளில்லாத வீட்டுக்குள் எதுக்குப் போகணும் என்பது அவர்கள் கணக்கு.

இந்த ஒரு விவரத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். வாவர் செத்துப்போன மகான் இல்லை, இன்றைக்கும் வீட்டைவிட்டு வெளியே போய் வருகிற ஆள். அவரைக் கூட்டிக்கொண்டு போகும் உரிமை ஒரு கூட்டத்தாருக்குத்தான் உண்டு. அடுத்த கூட்டத்தார் அந்த உரிமையை மதித்து வெளியே நிற்கிறார்கள். பள்ளிக்குள் நுழைவது மரியாதை என்றால், நுழையாமல் இருப்பதும் இங்கே மரியாதைதான். "இருமதத்தவரும் ஒற்றுமையுடன் வழிபட்டனர்" என்ற வாக்கியத்துக்குள் இதில் எதையாவது திணிக்க முடியுமா?

மிளகும் அப்படித்தான். வாவர் யார் என்பது கதைக்குக் கதை மாறும். ஒன்றில் கடற்கொள்ளைக்காரர், இன்னொன்றில் வீரர், மற்றொன்றில் சித்து தெரிந்த பக்கீர். எல்லாக் கதையிலும் அவர் ஐயப்பனுக்குத் தோழர். பூவோ பழமோ இல்லாமல் அவருக்கு ஏன் மிளகு? மலைச்சரக்கு கடலுக்கு இறங்கிய பாதைகள் இவை. மிளகு இங்கே காசுக்குச் சமமாக இருந்த பொருள். அந்தப் பொட்டலத்தில் எனக்குக் காணிக்கையைவிடச் சுங்கத்தின் வாசனைதான் அதிகம் அடிக்கிறது. வழியைக் காக்கிறவருக்கு வழிப்போக்கன் கொடுத்துவிட்டுப் போவது. இது என் வாசிப்பு, வேறு மாதிரியும் வாசிக்கலாம். ஆனால் வாசிக்க வேண்டிய பொருள் ஒன்று கையில் இருக்கிறது என்பதையே நல்லிணக்கம் என்ற சொல் மறக்கடித்துவிடுகிறது.

இதைவிட வேடிக்கையான ஊர் ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில், திருப்புவனத்துக்குப் பக்கத்தில் முதுவன்திடல். ஊர் நடுவில் பாத்திமா நாச்சியாருக்கு இடம் உண்டு. மொகரம் வந்தால் ஊரே விரதம் இருந்து பூக்குழி இறங்கும். பெண்கள் ஈரச்சேலையை முக்காடு போட்டு உட்கார்ந்திருக்க, தணலை அள்ளி அவர்கள் தலையில் போடுவார்கள். வருஷா வருஷம் படத்தோடு செய்தி வரும், தலைப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் என்னவென்றால், ஒருகாலத்தில் அங்கே இருந்த முஸ்லிம்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது தீ மிதிப்பவர்கள் எல்லாரும் இந்துக்கள். அப்படியென்றால் யாருக்கும் யாருக்கும் நல்லிணக்கம்? இணங்கிப்போக எதிரில் ஆளே இல்லையே!

அந்த ஊர்க்காரர்கள் யாரோடும் இணங்குவதற்காகத் தீயில் இறங்கவில்லை. நாச்சியார் அவர்கள் ஊர்த் தெய்வம். அவளுக்குக் கடன் இருக்கிறது, அடைக்கிறார்கள். "நேர்த்திக்கடன்" என்ற நம்முடைய சொல்லே கடனைத்தானே சொல்கிறது. கடன் கொடுத்தவரின் மதம் என்ன என்று வாங்கியவர் யோசிப்பதில்லை. தவணை தவறினால் என்ன ஆகும் என்றுதான் யோசிப்பார். பயம், நன்றி, தவணை, ஊர்முறை எல்லாம் சேர்ந்ததுதான் இது. கர்பலா துயரத்தின் நினைவு, சுன்னி மார்க்கத்தார் பெரும்பான்மையாக இருக்கிற தமிழ் நிலத்தில், முஸ்லிம்களே இல்லாத ஒரு ஊரில், மாரியம்மன் பூக்குழியின் உடம்பை எடுத்துக்கொண்டு உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய விசித்திரம்! தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இதே மொகரத்தில் "அல்லா சாமி" என்றே கும்பிடுகிறார்கள். அல்லாவும் சாமியும் ஒரே மூச்சில். மார்க்க அறிஞரும் ஆகம பண்டிதரும் சேர்ந்து தலையில் கைவைக்கக்கூடிய சொற்சேர்க்கை அது. ஊருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

நாகூருக்கு வருவோம். பெரிய இடம், அதனாலேயே அதிகமாகத் தட்டையாக்கப்பட்ட இடமும்கூட. ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16-ஆம் நூற்றாண்டுக்காரர், வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கருக்கு யாரோ வைத்த செய்வினையை, ஊசி குத்திய ஒரு புறாவைக் கண்டுபிடித்து, ஊசிகளைப் பிடுங்கி நீக்கினார் என்பது கதை. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் புறா வாங்கி விடுவதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஐந்து மினாராக்களில் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங், அவர் 1739 முதல் 1763 வரை ஆண்டவர். கந்தூரிக்குக் கொடியும் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும். கப்பல் வடிவத்தில் ரதம் வரும். கடலை நம்பிப் பிழைத்த வணிகர்களும் மீனவர்களும் சேர்ந்து உருவாக்கிய திருவிழா அது, கப்பல் இல்லாமல் எப்படி?

தர்கா வாசல் கடைகளில் வெள்ளித் தகடு விற்பார்கள். கண், கால், கை, தொட்டில், வீடு, படகு. எந்த இடத்தில் வலியோ அந்த உறுப்பு. இதே தகடுகளை, கொஞ்ச தூரத்தில் வேளாங்கண்ணியிலும் வாங்கலாம். தேனிப் பக்கத்திலிருந்து கிளம்புகிற ஒரு டூரிஸ்ட் வேன் ஒரே பயணத்தில் இரண்டு இடத்துக்கும் போய், நடுவில் சிக்கல் முருகனையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். அந்த வேனில் யாரும் "மூன்று மதங்களையும் தரிசித்தோம்" என்று சொல்லமாட்டார்கள். "எல்லா எடத்துக்கும் போயிட்டு வந்துட்டோம்" என்பார்கள். டெல்டாவில் பக்கிரிசாமி என்று பெயர் வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் பாதி பக்கீர், பாதி சாமி, நீங்கள் நல்லிணக்கத்தின் சின்னம் என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். தங்காத பிள்ளை தங்கியதற்காக வைத்த பெயர், அவ்வளவுதான் அவருக்கு.

நல்லிணக்கச் சொல்லின் முழு வெற்றி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் போக வேண்டும். டெலோக் ஆயர் தெருவில், 1828-30 வாக்கில், சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவருக்கு ஒரு நினைவு தர்கா கட்டினார்கள். அடக்கத்தலம் இல்லை, ஊரின் நினைவுக்கு ஒரு கட்டடம். கடல் தாண்டிப் போனவன் ஊர்க் காவலரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனான். 1974-இல் அது தேசிய நினைவுச்சின்னம். 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். அழகாக வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தகவல் பலகை இருக்கிறது, காட்சிப் பொருள் இருக்கிறது. நேர்த்திக்கடன் தீர்க்க வேண்டுமே என்ற பயத்தோடு அங்கே ஓடி வருகிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சடங்கு வற்றிப்போன இடத்தில் நல்லிணக்கம் மிகச் சுத்தமாக, ஏசி போட்டு, கண்ணாடிக்குள் இருக்கும்.

சரி, பத்திரிகைக்காரர்களை விடுவோம், அவர்களுக்கு இடம் குறைவு. இலக்கியம் என்ன செய்தது?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இந்த உலகத்தைத் தமிழ்ப் புனைவில் மிகத் துல்லியமாகப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் இதன்மேல் கோபத்தோடு எழுதியவர். தோப்பில் முஹம்மது மீரானின் "ஒரு கடலோர கிராமத்தின் கதை" 1988-இல் நூலாக வந்தது. அந்த ஊருக்கு ஒரு தங்ஙள் வருகிறார். ஊரே அவர் காலடியில் கிடக்கிறது. அவருடைய பரிசுத்தத்தின் பெயரால் நடக்கிற கூத்துகளை மீரான் நம்மைச் சிரிக்கவைத்து எழுதுகிறார், சிரித்து முடித்தபின் வயிற்றைப் பிசைகிறது. இன்னொரு பக்கம், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தால் ஊர் கெட்டுப்போகும் என்று தடுக்கிற முதலாளி. பக்தியும் பணமும் பயமும் ஒரே கயிற்றில் முறுக்கிக்கொண்டு கிடப்பதை அந்த நாவலில் பார்க்கலாம். மீரானுக்கு இந்தச் சடங்குகள் பிடிக்காது. பிடிக்காது என்பதாலேயே அவர் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்திருக்கிறார். யார் முன்னால் உட்காருகிறார், யார் வாசலில் நிற்கிறார், காசு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று. நல்லிணக்கக் கட்டுரை எழுதுகிறவர்கள் தர்காவை நேசிக்கிறார்கள், ஆனால் பார்ப்பதில்லை. மீரான் நேசிக்கவில்லை, ஆனால் பார்த்தார். எனக்கு மீரான் போதும்.

கோபத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சாமி குணமாக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்டவர்களின் பிள்ளைகள், அண்ணன் தம்பிகள் அவர்கள். தர்கா என்றாலே மயிலிறகு, சாம்பிராணிப் புகை, கவ்வாலி இசை என்று இன்ஸ்டாகிராம் ரீல் போடுகிற நண்பர்கள் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் ஏர்வாடியை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, மூடநம்பிக்கை" என்று முடிப்பதும் அதே சோம்பேறித்தனம்தான். பக்கத்தில் மனநல மருத்துவரோ அரசு மருத்துவமனையில் அதற்கென்று ஒரு படுக்கையோ இல்லாத வருஷங்களில், மனம் பிறழ்ந்த மகனைத் துரத்தாமல் வாசலில் இருக்கவிட்ட இடமாகவும் தர்காதான் இருந்தது. பிறகு அரசே "தவா-துவா" என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் ஒரே இடத்தில் வைத்தது, அங்கே வருகிற கூட்டத்தை வேறெங்கும் பிடிக்க முடியாது என்று தெரிந்துதான்.

மார்க்கத்துக்குள்ளிருந்து வருகிற எதிர்ப்பும் புதிதல்ல. பா. தாவூத் ஷா தன் "தாருல் இஸ்லாம்" பத்திரிகையில் போன நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்தச் சண்டையைத் தொடங்கிவிட்டார். 2016 ஜனவரியில் திருச்சியில் நடந்த ஷிர்க் ஒழிப்பு மாநாடு வரை அந்தக் கோடு நீளுகிறது. கபுரைக் கும்பிடாதே, இறைவனிடம் நேரே கேள் என்பது கொள்கையாக மதிக்கத்தக்கது. அவரவர் மார்க்கத்தை அவரவர் திருத்திக்கொள்ள உரிமை உண்டு. எனக்கு வருத்தம் தருவது வேறு. சீர்திருத்தக்காரர், பகுத்தறிவுக்காரர், நல்லிணக்கக்காரர் மூவருக்கும் தர்காவுக்கு வருகிற பெண் ஒரு ஆளாகத் தெரிவதேயில்லை. ஒருவருக்கு அவள் வழிதவறியவள், ஒருவருக்கு அறியாதவள், இன்னொருவருக்குச் சின்னம். மக்ரிப் தொழுகை முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில் இடுப்புக் குழந்தையோடு நிற்பவள் அவள்தான். மதுரை, தேனிப் பக்கம் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. "பாய், புள்ள ராவெல்லாம் வீல் வீல்னு கத்துது, செத்த ஓதி விடுங்க" என்று கேட்பாள். வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஊதிவிட்டுப் போவார்கள். யாரும் அவளிடம் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது ஒரு மூச்சு. அரை நிமிஷம்தான். இந்த அரை நிமிஷத்தை எழுத ஒரு நல்ல சிறுகதை போதும்.

ஹெச்.ஜி. ரசூல் தக்கலைக்காரர். "மைலாஞ்சி" கவிதைகளுக்காகவும், பின்னால் 2007-இல் ஜமாத்தின் ஊர்விலக்குக்காகவும் அறியப்பட்டவர். 2017-இல் காலமானார். அவருடைய சூஃபிசம் பற்றிய எழுத்துகளின் அடியில் இருப்பது அவருடைய ஊர். தக்கலையில் பீர்முகமது அப்பா தர்காவில் ரஜப் மாதம் 14-ஆம் இரவு, அவர் இயற்றிய "ஞானப்புகழ்ச்சி"யை விடிய விடிய ஓதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். தென்காசியில் பிறந்து, நெசவு நெய்து பிழைத்ததாகச் சொல்லப்படுகிற ஒரு கவிஞர். அவருடைய தமிழ்ப் பாடல்களை வருஷத்தில் ஒரு ராத்திரி ஒரு ஊரே உட்கார்ந்து பாடி முடிக்கிறது. தமிழில் எத்தனை கவிஞர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது? நம் கல்லூரிப் பாடத்தில் இவர் "இசுலாமியர் வளர்த்த தமிழ்" என்ற தலைப்பின் கீழ் இரண்டு மதிப்பெண் வினாவாக வருவார். பாட்டு ஒரு டிபார்ட்மெண்டில், தர்கா இன்னொரு டிபார்ட்மெண்டில். ஓதுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்று. சக்கம்பட்டியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஆண்டிபட்டிக்காரர் யாராவது அந்தப் பாடல்களை நெசவுக்காரரின் காதோடு படித்து எழுதினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தொ. பரமசிவனின் "அழகர் கோயில்" 1989-இல் வந்தது. ஒரே ஒரு கோயில். யார் எந்தச் சாதி, யாருக்கு எந்த மரியாதை, யார் எந்த வேஷம் கட்டுகிறார், அழகர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று ஜனங்கள் ஏன் சொல்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினார். அதே 1989-இல் சூசன் பெய்லியின் "செயின்ட்ஸ், காடஸஸ் அண்ட் கிங்ஸ்" இங்கிலீஷில் வந்தது. தென்னிந்திய முஸ்லிம் அவுலியாக்களும் அம்மன்களும் பாளையக்காரர்களும் ஒரே வீர, பக்தி உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று விரிவாகக் காட்டிய நூல். தர்காக்களைப் பற்றித் தமிழில், தொ.ப.வின் புத்தகம் அளவுக்கு நம் தலைமுறை கையில் வைத்துப் பேசுகிற ஒரு நூல் இல்லை. கோயிலுக்கு விவரம் கிடைத்தது, தர்காவுக்குப் பாராட்டு கிடைத்தது.

பாராட்டு எங்கே கைவிடும் என்பதைத் திருப்பரங்குன்றத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மலைமேல் சிக்கந்தர் பாதுஷா தர்கா. மலையில் யாருக்கு எது என்ற வழக்கு 1923-இல் மதுரையில் தீர்ப்பாகி, மேல்முறையீடாகி, 1931-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நெல்லித்தோப்பு, அதற்குப் போகும் படிக்கட்டு, பள்ளிவாசல், கொடிமரம் இவை முஸ்லிம்களுக்கு, மற்ற மலை கோயிலுக்கு என்று முடிந்தது. அந்த வழக்கில் பேசியது நல்லிணக்கத்தை இல்லை. படிக்கட்டை, தோப்பை, கம்பத்தைப் பேசினார்கள். 2025-இல் அங்கே ஆடு, கோழி அறுத்துக் கந்தூரி கொடுப்பது பற்றிய பிரச்சினை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுத, மூன்றாவது நீதிபதியிடம் போனது. பலியிடும் வழக்கம் உண்டு என்பதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும், அதுவரை கூடாது என்று அவர் முடித்தார்.

வழக்கத்தை எதை வைத்து நிறுவுவது? கோரிப்பாளையம் தர்காவில் 1573-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தர்காவுக்கு விட்ட பழைய நிலக்கொடையை வீரப்ப நாயக்கர் உறுதிசெய்தது அதில் வெட்டியிருக்கிறது. அன்றைக்கு ஊர், நிலம், தொகை என்று ஒவ்வொன்றாகக் கல்லில் எழுதிவைத்தார்கள். நம் காலத்தில் கந்தூரி பற்றி வந்த பத்திரிகைத் துணுக்குகளை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கடா எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வீட்டு வேண்டுதல், அறுத்தது யார், கறியில் முதல் பங்கு யாருக்குப் போனது, எத்தனை தலைமுறையாக இப்படி என்று ஒரு வரி கிடைக்காது. சமய நல்லிணக்கத்தோடு விழா சிறப்பாக நடந்தது என்றும், மேடையில் இருந்த முக்கியப் பிரமுகர்களின் பெயர்களும் இனிஷியல் தவறாமல் இருக்கும்.